ஃபெர்குசனின் 16,000 பிடிவாரண்டுகள்

2014 டிசம்பரில், அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் செயின்ட் லூயிஸ் நகருக்கு அருகிலுள்ள ஃபெர்குசன் நகராட்சி நீதிமன்றத்தில் 16,000 பேருக்கு மேல் பிடிவாரண்ட் நிலுவையில் இருந்தது. ஊரின் மொத்த மக்கள்தொகையே சுமார் 21,000தான். வாரண்ட் பட்டியலில் வெளியூர்க்காரர்களும் உண்டு என்றாலும் அந்த எண்ணிக்கை திகைக்க வைக்கிறது. இவர்கள் கொலைகாரர்களோ கொள்ளையர்களோ அல்லர். பெரும்பாலும் வண்டியைத் தவறான இடத்தில் நிறுத்தியவர்கள், போக்குவரத்து விதியை மீறியவர்கள், வீட்டு முற்றத்தில் புல்லை வளரவிட்டவர்கள். அபராதச் சீட்டு வாங்கி, வாய்தாவுக்கு வராமலோ பணம் கட்டாமலோ போனதால் வாரண்டில் சிக்கியவர்கள். ஓர் ஆளை நீதிபதியின் முன் கொண்டுவந்து நிறுத்துவதற்காகவே பெஞ்ச் வாரண்ட் என்ற ஆயுதம் நீதிமன்றத்துக்குத் தரப்பட்டது. ஃபெர்குசன் அடங்கிய செயின்ட் லூயிஸ் கவுண்டி என்ற மாவட்டத்தில் அது ஆளை விட்டுவிட்டுப் பணத்தைத் தேடிப் போனது. தன் பெயரில் வாரண்ட் இருப்பதே ஒருவருக்குத் தெரியாமல் இருப்பது அந்த ஏற்பாட்டுக்கு இடைஞ்சலாக இல்லை, துணையாகவே இருந்தது. கிடைக்கும் ஆவணங்கள் இந்த முடிவுக்குத்தான் என்னைக் கொண்டுவருகின்றன.

இதன் வேர் பழையது. 1876இல் செயின்ட் லூயிஸ் நகரம் தன்னைச் சுற்றியிருந்த கவுண்டியிலிருந்து பிரிந்து தனி எல்லை வகுத்துக்கொண்டது. அந்தக் கோட்டுக்கு வெளியே வளர்ந்த புறநகர்கள் ஒவ்வொன்றாகத் தனி நகராட்சியாகப் பதிவாயின. யார் குடியேறலாம், எத்தகைய வீடு கட்டலாம் என்று தாங்களே தீர்மானிக்கும் அதிகாரத்துக்காகவே, அதாவது கறுப்பினத்தவரையும் ஏழைகளையும் தள்ளி வைப்பதற்காகவே, பல ஊர்கள் அப்படிப் பதிவாயின. கவுண்டிக்குள் 90 நகராட்சிகள் முளைத்தன. அவற்றில் 81க்குச் சொந்தமாக நீதிமன்றம் இருந்தது. பிறகு வெள்ளையர்கள் இன்னும் தள்ளிப்போன ஊர்களுக்கு நகர்ந்தார்கள். 1990இல் ஃபெர்குசனில் நான்கில் மூன்று பங்கினர் வெள்ளையர். 2010இல் மூன்றில் இரண்டு பங்கினர் கறுப்பினத்தவர். இதற்கிடையே மிசூரி அரசியல் சட்டத்தில் 1980இல் நிறைவேறிய ஹான்காக் திருத்தம், வாக்காளர் ஒப்புதல் இல்லாமல் உள்ளாட்சிகள் வரியை உயர்த்தக்கூடாது என்று கட்டுப்போட்டது. வரியை உயர்த்த மக்களிடம் போய்க் கேட்க வேண்டும். அபராதத்தை உயர்த்த யாரையும் கேட்க வேண்டியதில்லை. சின்ன ஊர்களின் கஜானா எந்தப் பக்கம் சாயும் என்பதை மாநிலச் சட்டமன்றமும் அறிந்தே இருந்தது. சில நூறு பேர் வாழ்ந்த மாக்ஸ் கிரீக் என்ற ஊர் நெடுஞ்சாலை அபராதத்தாலேயே பிழைத்ததைக் கண்டு, 1995இல் அந்த ஊரின் பெயராலேயே அறியப்படும் உச்சவரம்புச் சட்டம் வந்தது. அதுவும் வருவாயில் 45 சதவீதம் வரை அபராதமாக இருக்கலாம் என்று அனுமதித்த வரம்புதான்.

ஃபெர்குசனின் கணக்குப் புத்தகத்தில் இதன் விளைவைப் பார்க்கலாம். 2010 நிதியாண்டில் நகராட்சியின் பொது வருவாய் 1.1 கோடி டாலர். அதில் அபராதமும் நீதிமன்றக் கட்டணமும் 13.8 லட்சம். 2015க்கான வரவுசெலவுத் திட்டத்தில் 1.33 கோடியில் 30.9 லட்சம். எட்டில் ஒரு பங்காக இருந்தது ஐந்தே ஆண்டில் நான்கில் ஒரு பங்கை நெருங்கியது. குற்றம் பெருகியதால் கூடிய தொகை அல்ல இது. சீட்டு எழுதுவதை முடுக்கிவிடாவிட்டால் அடுத்த ஆண்டு வசூலைக் கூட்டுவது கடினம் என்று 2010 மார்ச்சிலேயே நிதி இயக்குநர் காவல்துறைத் தலைவருக்கு எழுதியிருக்கிறார். சாலையில் நடந்துபோனவர் மேலும் ‘நடக்கும் விதம்’ என்ற பிரிவில் சீட்டு எழுத முடிந்த ஊர் அது. 2011 முதல் 2013 வரை அந்தப் பிரிவில் சிக்கியவர்களில் 95 சதவீதம் பேர் கறுப்பினத்தவர்.

ஒரு நீதிமன்றம் உண்மையிலேயே ஆள் வர வேண்டும் என்று நினைத்தால் என்ன செய்யும்? தகவல் சொல்லும், நேரத்துக்குக் கதவைத் திறந்து வைக்கும், கையில் உள்ளதைக் கட்டுகிறேன் என்று வருபவரைத் திருப்பி அனுப்பாது. ஃபெர்குசனில் இந்த மூன்றும் தலைகீழாக நடந்தன. வாரண்ட் பிறந்த பிறகு அதை உரியவருக்குத் தெரிவிக்கும் அட்டையொன்றை முன்பு தபாலில் அனுப்பிவந்தார்கள். 2012 செப்டம்பரில் அதுவும் நின்றது: அட்டைச் செலவும் தபால் செலவும் மிச்சமாகும் என்பது நீதிமன்ற எழுத்தர் எழுதிவைத்த காரணம். அந்த எழுத்தர் இருந்தது காவல்துறைத் தலைவரின் மேற்பார்வையில். நீதிமன்றம் மாதத்துக்கு மூன்று, நான்கு முறைதான் கூடியது. ஓர் அமர்வுக்கு 500 பேர் வரை வந்ததுண்டு. குறித்த நேரத்துக்கு அரைமணி முன்பே விசாரணை தொடங்கிவிடும், ஐந்து நிமிடம் கடந்தால் கதவு பூட்டப்படும் என்று ஆர்ச்சிட்டி டிஃபெண்டர்ஸ் என்ற வழக்கறிஞர் அமைப்பு 2014இல் வெளியிட்ட அறிக்கையில் பதிவு செய்தது. தாமதமாக வந்து பூட்டிய கதவின் முன் நின்றவரும் ஏட்டில் ‘ஆஜராகவில்லை’.

அமெரிக்க மத்திய அரசின் நீதித்துறை 2015 மார்ச் 4 அன்று வெளியிட்ட விசாரணை அறிக்கையில் ஒரு கறுப்பினப் பெண்ணின் கணக்கு இருக்கிறது. 2007இல் ஒரே ஒருமுறை வண்டியைத் தவறாக நிறுத்தினார்; இரண்டு சீட்டு, 151 டாலர் அபராதம், அதற்கு மேல் கட்டணம். பண நெருக்கடி; இடையிடையே வீடே இல்லாத காலம். வாய்தா தவறியதற்காகவும் பணம் கட்டாததற்காகவும் அவர் மேல் ஏழு முறை ‘ஆஜராகாமை’ குற்றம் பதிவானது. ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரண்ட், ஒவ்வொன்றுக்கும் புது அபராதம். இரண்டு முறை கைது, ஆறு நாள் சிறை. ஒருமுறை 25 டாலரும் இன்னொரு முறை 50 டாலரும் அனுப்பிப் பார்த்தார். முழுத் தொகைக்குக் குறைந்தால் வாங்கமாட்டோம் என்று நீதிமன்றம் இரண்டையும் திருப்பியது. 2014 டிசம்பர் வரை 550 டாலர் கட்டியிருந்தார். இன்னும் 541 டாலர் பாக்கி. ஆளைக் கொண்டுவருவதுதான் நோக்கம் என்றால் முதல் கைதோடு இந்த வழக்கு முடிந்திருக்க வேண்டும். 25 டாலரைத் திருப்பி அனுப்பிவிட்டு அதே ஆளுக்கு வாரண்ட் போடும் செயலுக்கு வசூல் பெருக்கத்தைத் தவிர வேறு பொருள் எனக்குப் புலப்படவில்லை. 2013இல் ‘ஆஜராகாமை’ அபராதம் மட்டுமே 4,42,901 டாலர்; அந்த நீதிமன்றம் அந்த ஆண்டு வசூலித்ததில் 24 சதவீதம்.

தெரியாமை இதில் எப்படி வேலை செய்தது என்பதையும் பார்க்க வேண்டும். ஒவ்வொரு நகராட்சி நீதிமன்றமும் தன் வாரண்டுகளைத் தானே வைத்திருந்தது. சில மைல் தூரம் வண்டி ஓட்டினால் நாலைந்து நகராட்சி எல்லை கடந்துவிடும் நிலப்பரப்பில், தன் மேல் எங்கே என்ன இருக்கிறது என்று அறிய ஒருவர் ஒவ்வோர் அலுவலகமாக விசாரிக்க வேண்டும். நேரில் போய்க் கேட்டால் அங்கேயே பிடித்துக்கொள்வார்களோ என்ற பயம் வேறு. வண்டியை நிறுத்திச் சோதிக்கும் காவலருக்கோ ஒரே திரையில் எல்லாம் தெரியும். ஓரிடத்தில் ஜாமீன் தொகை கட்டி வெளியே வந்தவரை அடுத்த ஊர் வாரண்டுக்காக அங்கே கொண்டுபோவார்கள். அங்கிருந்து இன்னோர் ஊர். இந்த அலைக்கழிப்புக்கு ‘முனி ஷஃபிள்’ (முனி: நகராட்சியின் ஆங்கிலச் சுருக்கம்) என்று உள்ளூர் மக்கள் பெயரே வைத்திருந்தார்கள். வாய்தா தவறியதால் ஓட்டுநர் உரிமம் முடக்கப்பட்டவர் வேலைக்கு வண்டி ஓட்டிப்போனால் அது புதுக் குற்றம். அடுத்த வாய்தா தவறினால் கட்டிய ஜாமீன் தொகை பறிமுதலாகும். ஆனால் அபராதக் கணக்கில் அது வரவு வைக்கப்படாது.

இதற்கு எதிர்வாதம் உண்டு. எளிதில் ஒதுக்கக்கூடியதும் அல்ல. நீதிமன்றம் கூப்பிட்டால் போக வேண்டும். போகாதவர்களை விட்டுவிட்டால் அடுத்து யார் மதிப்பார்கள்? சிறைக்குப் போனது ஏழ்மைக்காக அல்ல, ஆஜராகாததற்காக என்பார்கள். சம்மனுக்குப் பலம் இருக்க வேண்டும் என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் அந்த வாதம் நிற்பதற்கு, அழைப்பு ஒழுங்காக விடுக்கப்பட்டிருக்க வேண்டும். போனவருக்கு வழி கிடைத்திருக்க வேண்டும். ஒருவரால் கட்ட முடியுமா என்று விசாரிக்காமல், அபராதம் கட்டாததற்காக நன்னடத்தைப் பிணையை ரத்துசெய்து சிறைக்கு அனுப்பக்கூடாது என்று 1983இலேயே பேர்டன் எதிர் ஜார்ஜியா வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தக் கேள்வி ஃபெர்குசனில் பெரும்பாலும் கேட்கப்படவே இல்லை. இன்னொன்று: மக்களுக்குத் தனிமனிதப் பொறுப்பு இல்லை என்று விசாரணை அதிகாரிகளிடம் குறைபட்ட அதே நகர அதிகாரிகள், தங்கள் நண்பர்களின் சீட்டுகளைச் சத்தமில்லாமல் தள்ளுபடி செய்வித்த மின்னஞ்சல்கள் நீதித்துறை அறிக்கையிலேயே இருக்கின்றன. சட்டத்தின் கண்டிப்பு எல்லோருக்கும் ஒரே அளவில் இருந்ததென்று இதற்குப் பிறகு எப்படி வாதிட முடியும்? 2013இல் வாரண்ட் பிறந்த வழக்குகளில் 92 சதவீதம் கறுப்பினத்தவர் மேல் போடப்பட்டவை.

2014 ஆகஸ்ட் 9 அன்று 18 வயது மைக்கேல் பிரவுன் ஃபெர்குசன் காவலர் ஒருவரால் சுட்டுக்கொல்லப்பட்டு ஊர் கொதித்தெழுந்த பிறகுதான் இவையெல்லாம் வெளியுலகுக்குத் தெரிந்தன. அதே ஆண்டு செப்டம்பரில் நகராட்சி ‘ஆஜராகாமை’ என்ற தனிக் குற்றத்தை நீக்கியது. 2015 ஜூலையில் மிசூரியின் ஐந்தாம் எண் செனட் சட்டம், செயின்ட் லூயிஸ் கவுண்டி நகராட்சிகளுக்கு அபராத வருவாயின் வரம்பை 12.5 சதவீதமாகவும் மற்ற ஊர்களுக்கு 20 சதவீதமாகவும் இறக்கியது. ஆகஸ்ட் 24 அன்று புதிய நகராட்சி நீதிபதி டொனால்ட் மெக்கல்லின், 2014 இறுதிவரை பிறப்பித்த வாரண்டுகள் அனைத்தையும் திரும்பப் பெற்றார். அப்போதும் நிலுவையில் இருந்தவை சுமார் 10,000 வாரண்டுகள். உரியவர்களுக்குப் புது வாய்தா தரப்பட்டது. தவணையில் கட்டலாம், சமூகசேவை செய்யலாம், வழியே இல்லாதவருக்குத் தள்ளுபடியும் உண்டு. எழுத்தர் மேசையில் முன்பே செய்திருக்கக்கூடியவைதான் இவை.

எதிர்ப்பும் ஓயவில்லை. ஒரு கவுண்டிக்கு மட்டும் தனி வரம்பு செல்லாது என்று நகராட்சிகள் வழக்காடி வென்றன. 2017இல் மிசூரி உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் வரம்பு எல்லோருக்கும் 20 சதவீதம் ஆனது. வேறொரு பக்கம் வாரண்டின் பலமும் கூடியது: 2016இல் யூட்டா எதிர் ஸ்ட்ரீஃப் வழக்கில், காவலர் முறையின்றி நிறுத்தியிருந்தாலும் அந்த ஆளின் பெயரில் ஏற்கெனவே வாரண்ட் இருந்தால் பிறகு கிடைத்த சான்று செல்லும் என்று நாட்டின் உச்ச நீதிமன்றம் பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. மாறுபட்ட தீர்ப்பெழுதிய நீதிபதி சோனியா சோட்டோமேயர், 21,000 பேர் வாழும் ஃபெர்குசனில் 16,000 பேர் மேல் வாரண்ட் இருந்ததை எடுத்துக்காட்டினார். பாதிக்கப்பட்டவர்களும் வழக்காடினார்கள். ஃபெர்குசனின் பக்கத்து ஊரான ஜென்னிங்ஸ், கட்ட முடியாத பாக்கிக்காகச் சிறையில் வைத்தவர்களுக்கு 47 லட்சம் டாலர் தர 2016இல் ஒப்புக்கொண்டது. ஃபெர்குசனுக்கு எதிரான இதே போன்ற வழக்கு 2015இல் தொடங்கி ஒன்பது ஆண்டு இழுத்தது. 2024இல் 45 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனபோது, பங்கு பெறத் தகுதியானவர்கள் 15,000 பேருக்கு மேல் இருந்தார்கள்.