பழுது நீக்கமும் மரபுரிமையும்: நரிக்குடி வட்டாரத்தை முன்வைத்துப் பழைய மகிழுந்துகளின் வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

பழைய மகிழுந்துகளைப் பேணுதல் என்பது பெருநகரச் சங்கங்களின் அணிவகுப்புகளோடும் தனியார் அருங்காட்சியகங்களோடும் இணைத்தே இதுவரை பேசப்பட்டுள்ளது. நாட்டுப்புறப் பட்டறைகள் அதே வாகனங்களைப் பல்லாண்டுகள் ஓட்டத்தில் வைத்திருந்தமை பேணலாகக் கருதப்படவில்லை. 2021ஆம் ஆண்டின் ஒன்றிய மோட்டார் வாகன விதித்திருத்தம் 'பழம்பெரும் வாகனம்' என்பதற்குத் தரும் வரையறை இப்பிரிவினைக்குச் சட்ட வடிவம் அளித்துள்ளது. அருப்புக்கோட்டை, திருச்சுழி சார்ந்த வறண்ட நிலப்பகுதியில் அமைந்த நரிக்குடியை நோக்குநிலையாகக் கொண்டு, அவ்வரையறையின் வரலாற்றுப் பொருத்தத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: மோட்டார் வாகனம், பட்டறை, மரபுரிமை, மூலவடிவம், நரிக்குடி, பதிவுச்சான்று.

முன்னுரை

நரிக்குடி வட்டாரத்தில் மரபு என்று சொன்னால் மருது சகோதரர் பிறந்த முக்குளமும், திருச்சுழி பூமிநாதர் கோயிலும், குண்டாறு, கிருதுமால் நீரை நம்பிய கண்மாய்களும் நினைவுக்கு வரும். மோட்டார் வாகனம் வராது. அது பயன்பாட்டுப் பொருள். பயன்பாடு முடிந்தால் பழைய இரும்பு. சென்னையிலோ கோயம்புத்தூரிலோ நிலைமை வேறு. அங்கு அதே காலத்து மகிழுந்து காட்சிப்பொருளாகிறது. அதற்குப் பரிசும் கிடைக்கிறது. ஒரே பொருள் ஓரிடத்தில் மரபாகவும் மற்றோரிடத்தில் கழிவாகவும் மாறுவதற்குப் பொருளின் அகவை காரணமன்று. அதனை யார், எதற்காக வைத்திருந்தனர் என்பதே காரணம் எனலாம்.

தொழில்நுட்ப வரலாற்றைக் கண்டுபிடிப்புகளின் வரலாறாக எழுதுவதைவிடப் பயன்பாட்டின் வரலாறாகவும் பராமரிப்பின் வரலாறாகவும் எழுதவேண்டும் என டேவிட் எட்ஜெர்ட்டன் 2006இல் வலியுறுத்தினார். இந்தியச் சூழலில் மிதிவண்டி, தையல் இயந்திரம், தட்டச்சுப்பொறி, அரிசி ஆலை ஆகியவற்றை முன்வைத்து டேவிட் அர்னால்டு 2013இல் இத்திசையில் விரிவாக எழுதியுள்ளார். மகிழுந்து அவ்வரிசையில் இடம்பெறாதது வியப்பன்று. அது எளியோரின் பொருளாக இருந்ததில்லை. ஆனால் இரண்டாம், மூன்றாம் உடைமையாளரிடம் வந்த மகிழுந்து எளியோருக்கும் வேலைக்கான கருவியாயிற்று. அந்தக் கட்டமே இங்குக் கவனத்திற்குரியது.

தொடக்கக் காலம்: வண்டிப் பட்டறையிலிருந்து மோட்டார் பட்டறை

தமிழகத்தில் மோட்டார் வாகனத்தின் வரலாறு ஒரு குதிரைவண்டித் தொழிலகத்தில் தொடங்குகிறது என்பது பலர் கவனிக்காத செய்தி. 1840இல் நிறுவப்பட்ட சென்னை சிம்சன் நிறுவனம் கோச்சு வண்டிகள் கட்டிவந்தது. அதன் பொறியாளர் சாமுவேல் ஜான் கிரீன் 1903இல் நீராவி மகிழுந்து ஒன்றைச் சென்னையில் உருவாக்கினார். பின்னர் வெளிநாட்டிலிருந்து எந்திரமும் அடிச்சட்டமும் வர, மேலுடலை உள்ளூர்த் தச்சரும் தகட்டு வேலையாளரும் கட்டினர். இந்தியாவில் ஓடிய தொடக்கக்கால வாகனங்கள் பல இவ்வாறு பிறந்தவை. ஒரே ஆலையிலிருந்து முழுமையாக வெளிவந்த 'மூலவடிவம்' என ஒன்று அவற்றுக்கு இருந்ததே இல்லை. பின்வரும் சட்ட விவாதத்திற்கு இது அடிப்படையானது.

தென்மாவட்டங்களுக்கு மோட்டார் பேருந்தாகவே அறிமுகமாயிற்று. டி. வி. சுந்தரம் ஐயங்கார் 1912இல் தஞ்சாவூர், புதுக்கோட்டை இடையே பேருந்து விட்டார். ஜி. டி. நாயுடு 1920இல் ஒரே பேருந்தைக் கொண்டு பொள்ளாச்சி, பழனி தடத்தில் தொழில் தொடங்கினார். இருவரும் வண்டி ஓட்டியதோடு நில்லாமல் பட்டறை வைத்தனர். பட்டறைகள் ஆள்களைப் பழக்கின. மதுரையைத் தலைமையிடமாகக் கொண்டு வளர்ந்த டி.வி.எஸ். நிறுவனத்தின் பட்டறைகளிலும் உதிரிப்பாக விற்பனையிலும் பெருகிய தொழிலறிவு, மதுரைக்குத் தெற்கேயுள்ள வறண்ட நிலத்துக்கும் எட்டியது.

இரண்டாம் உலகப்போர்க் காலத்துப் பெட்ரோல் தட்டுப்பாடு இத்தொழிலறிவுக்குப் பெருஞ்சோதனையாயிற்று. கரியை அளவான காற்றில் எரித்து, அதில் பிறக்கும் கார்பன் மோனாக்சைடு கலந்த வாயுவை வடிகட்டி எந்திரத்துக்குள் செலுத்தும் கருவியை டி.வி.எஸ். உருவாக்கி விற்றது. மக்கள் வழக்கில் அவை 'கரி பஸ்' ஆயின. எந்திரத்தின் வலு வெகுவாகக் குறைந்தது. புறப்படுவதற்கு நெடுநேரம் முன்பே கரியை மூட்டவேண்டியிருந்தது. வடிகட்டியில் தப்பிய சாம்பலும் தாரும் உருளைச்சுவரைத் தேய்த்தன. வண்டியை நிறுத்திவிடாமல், அதன் உறுப்புகளை மாற்றியேனும் ஓடவைப்பது என்னும் பட்டறை நெறியின் முதற்பெரும் சான்று இக்கரி பஸ்களே. (சீமைக்கருவேலங்கரிக்குப் பிற்காலத்தில் பெயர்பெற்ற நிலப்பகுதியில் இன்று இந்நினைவு ஏறத்தாழ முற்றாக மறைந்துவிட்டது.)

உதிரிப்பாகமின்மையும் லேத் பட்டறையும்

போர்ட் நிறுவனம் 1926 முதலும் ஜெனரல் மோட்டார்ஸ் 1928 முதலும் இந்தியாவில் வாகனங்களைப் பூட்டி விற்றுவந்தன. உள்நாட்டு உற்பத்தித் திட்டம் இல்லாத நிறுவனங்கள் தொடர இயலாது என்னும் கொள்கை 1953இல் உறுதியானபின் இரண்டும் வெளியேறின. ஆனால் அவற்றின் வாகனங்கள் இங்கேயே இருந்தன. உதிரிப்பாகம் வரும் வழி சுருங்கியபோது அவற்றை ஓட்டத்தில் வைத்திருக்க லேத் பட்டறைகளே துணையாயின. புஷ், கிங்பின், வால்வு கைடு முதலியவற்றைக் கடைந்தெடுப்பதும், தேய்ந்த உருளையைப் போரிங் செய்து ஸ்லீவ் இறக்குவதும் அன்றாட வேலைகளாயின.

இதற்குப்பின் ஏறத்தாழ முப்பதாண்டுகளுக்கு இந்திய வாங்குநரின் தெரிவு மிகக் குறுகியது. மோரிஸ் ஆக்ஸ்போர்டு வடிவத்திலிருந்து 1957இல் தோன்றிய அம்பாசிடர், பியட் 1100 வழிவந்த பிரீமியர் பத்மினி, சென்னையை அடுத்த வண்டலூர்ப் பகுதியில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961 முதல் தயாரித்த ஹெரால்டு ஆகிய மூன்றுமே முதன்மையானவை. ஹெரால்டு தமிழ்நாட்டிலேயே உருவான மகிழுந்து. அடிச்சட்டம் தனியாகவும் மேலுடல் உறுப்புகள் மரையாணியால் பூட்டப்பட்டனவாகவும் இருந்தமையால் பட்டறைக்கு அது எளிதாயிற்று. எனினும் அதன் வழிவந்த கெசல் 1970களிலேயே நின்றது. 1985இல் வந்த ஸ்டாண்டர்டு 2000 மூன்றாண்டுகளில் முடிந்தது. தமிழ்நாடு தன் சொந்த மகிழுந்தை மறந்த வேகம் தனி ஆய்வுக்குரியது.

வறண்ட நிலத்தில் நிலைத்தது அம்பாசிடர். கரடான சாலையைத் தாங்கும் உறுதி, பலர் அமரும் இடவசதி, எங்கும் கிடைத்த உதிரிப்பாகம் ஆகியன அதற்குக் காரணம். ஆனால் இந்நிலம் அவ்வண்டிக்கு இசைவானது என்று சொல்லிவிட முடியாது. கோடை வெப்பத்தில் பெட்ரோல் பம்பிலேயே எரிபொருள் ஆவியாகி வண்டி நின்றுவிடும். பம்பின்மேல் ஈரத்துணி சுற்றுவது ஓட்டுநர் அனைவரும் அறிந்த கைவைத்தியம். உப்பு மிகுந்த நிலத்தடி நீரை ரேடியேட்டரில் ஊற்றினால் உட்குழாய்களில் உப்புப் படிந்து எந்திரம் சூடேறும். ஆகவே நல்ல தண்ணீரைத் தனியே எடுத்துச்செல்வர். புழுதி ஏர் பில்டரை அடைக்கும். டிஸ்ட்ரிபியூட்டரின் 'பாயிண்ட்' கருகினால் உப்புத்தாளால் தேய்த்து இடைவெளியைச் சரிசெய்வர். இவை கையேட்டில் இருந்து மட்டும் கற்றவையல்ல. அந்நிலத்தின் நீரும் வெயிலும் கற்பித்தவை.

1980களில் டீசல் அம்பாசிடர் வந்தபின் மற்றொரு மாற்றம் நிகழ்ந்தது. வாடகைக்கு ஓடிய பல பழைய பெட்ரோல் வண்டிகளின் எந்திரம் கழற்றப்பட்டு டீசல் எந்திரம் பொருத்தப்பட்டது. எரிபொருள் செலவு குறைந்ததால் வண்டியின் வாழ்நாள் நீண்டது. இம்மாற்றம் இல்லாதிருப்பின் அவ்வண்டிகள் பல முன்னரே உடைக்கப்பட்டிருக்கும். பழைய மகிழுந்தைக் காத்த இதே செயலே பிற்காலத்தில் அதனைப் 'பழம்பெரும்' தகுதியிலிருந்து விலக்குகிறது.

சங்கமும் அணிவகுப்பும்

பழைய மகிழுந்தைப் பழமைக்காகவே போற்றும் வழக்கம் இங்கிலாந்தில் அமைப்பு வடிவம் பெற்றது. 1896 நவம்பர் 14இல் நடந்த இலண்டன், பிரைட்டன் ஓட்டத்தின் நினைவாக 1927இல் மீளோட்டம் தொடங்கியது; 1930இல் முதற்சங்கம் அமைந்தது. இந்தியாவில் ஸ்டேட்ஸ்மன் நாளிதழ் 1964இல் தில்லியில் தொடங்கிய அணிவகுப்பு முன்னோடி. தமிழ்நாட்டில் மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப் சென்னையில் காட்சிகளை நடத்திவருகிறது. கோயம்புத்தூரில் ஜி.டி. மகிழுந்து அருங்காட்சியகம் 2015இலும், சென்னை வடபழனியில் ஏ.வி.எம். பாரம்பரிய அருங்காட்சியகம் 2023இலும் திறக்கப்பட்டன.

இவற்றின் பணியைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. ஆனால் இவ்வமைப்புகளில் போற்றப்படுவது பெரிதும் வாகனத்தின் பிறப்பே, வாழ்வு அன்று. ஆலையிலிருந்து வெளிவந்த நாளின் வண்ணம், விளக்கு, இருக்கைத் துணி ஆகியன மீட்கப்படும்போது, இடைப்பட்ட ஆண்டுகளின் தடயங்கள் நீக்கப்படுகின்றன. அந்த ஆண்டுகளில்தான் பட்டறையாளர் இருக்கிறார்.

2021 விதிகளும் மூலவடிவம் என்னும் சிக்கலும்

2021 சூலையில் ஒன்றிய அரசு வெளியிட்ட விதித்திருத்தத்தின்படி, முதற்பதிவிலிருந்து ஐம்பது ஆண்டு கடந்த, வணிகப் பயன்பாட்டில் இல்லாத இருசக்கர, நான்குசக்கர வாகனம் 'பழம்பெரும் வாகனம்' ஆகும். அது மூலவடிவில் பேணப்பட்டிருத்தல் வேண்டும். அடிச்சட்டம், மேலுடல், எந்திரம் ஆகியவற்றில் பெரும் மாற்றம் செய்திருக்கக் கூடாது. பதிவெண்ணில் 'வி.ஏ.' என்னும் எழுத்துகள் இடம்பெறும். புதுப்பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய், செல்லுபடிக்காலம் பத்தாண்டு. காட்சி, அணிவகுப்பு, தொழில்நுட்ப ஆய்வு, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு ஆகியவற்றுக்கு மட்டுமே சாலையில் ஓட்டலாம்.

இவ்வரையறை யாரை மனத்திற்கொண்டது என்பது வெளிப்படை. 1965ஆம் ஆண்டின் அம்பாசிடர் இரண்டினை எடுத்துக்கொள்வோம். ஒன்று நகர மாளிகையின் கொட்டகையில் ஓடாது நின்றது. மற்றொன்று நரிக்குடி போன்ற ஊரில் மருத்துவமனைக்கும் திருமணத்திற்கும் சந்தைக்கும் ஓடியது. முன்னதற்கு மூலவடிவம் எஞ்சியிருக்கும். பின்னது எந்திரமும் கதவும் தளத்தகடும் மாறி வந்திருக்கும். அது ஐம்பதாண்டு கடந்திருந்தும் தகுதியிழக்கிறது; வாடகைக்கு ஓடுமாயின் இருமடங்கு விலகுகிறது. அதற்கு எஞ்சிய வழி பொதுவான பதிவுப் புதுப்பிப்பே. பதினைந்து ஆண்டு கடந்த மகிழுந்துக்கான அக்கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை இதனைச் செலுத்தவேண்டியிருந்தது. 2022ஆம் ஆண்டின் அக்கட்டணப்படி பத்தாண்டைக் கணக்கிட்டால், காட்சிக்கு நிற்கும் வண்டியின் மறுபதிவுக்குச் செலவானதைப்போல் இருமடங்கினை வேலைசெய்யும் வண்டி செலுத்தவேண்டியிருந்தது.

பன்னாட்டுப் பழைய வாகனக் கூட்டமைப்பான பிவாவின் அணுகுமுறை இதனின்றும் வேறுபடுகிறது. 1966இல் தோன்றிய அவ்வமைப்பு முப்பதாண்டு கடந்த வாகனத்தை வரலாற்று வாகனமாகக் கொள்கிறது. அது 2012இல் ஏற்ற டூரின் பட்டயம், வாகனத்தின் வடிவத்தோடு அதன் செயற்பாட்டையும் சமூக உறவுகளையும் காக்கவேண்டும் என்கிறது. ஓட்டுவதும் காப்பதன் பகுதி எனக் கருதுகிறது. இந்நோக்கில் டீசல் எந்திரம் பொருத்தப்பட்ட அம்பாசிடர் ஒரு குறைபட்ட பொருளன்று. 1980களின் எரிபொருட் பொருளியலுக்கு அது ஓர் ஆவணம்.

மூலவடிவ நிபந்தனையை முற்றாகக் கைவிடவேண்டும் என்று வாதிடுவதற்கில்லை. அந்நிபந்தனை இல்லையெனில் புதிய உறுப்புகளைப் பூட்டிப் பழைய அடிச்சட்ட எண்ணை ஒட்டும் மோசடிக்கு வழி திறக்கும். ஆயினும் வாகனம் பணியிலிருந்த காலத்தில் நேர்ந்து, பதிவுச்சான்றிலும் ஏறிய மாற்றத்தையும், விற்பனைக்காகப் பின்னர்ச் செய்த மாற்றத்தையும் ஒன்றாகக் கருதுவது வரலாற்று நோக்கில் பிழை. இரண்டையும் பிரித்தறியச் சான்று உள்ளது: மக்கள் 'ஆர்.சி. புத்தகம்' என அழைக்கும் பதிவுச்சான்றே அது.

பதிவுச்சான்று என்னும் ஆவணம்

நரிக்குடி இன்று விருதுநகர் மாவட்டம் திருச்சுழி வட்டத்தைச் சார்ந்தது. 1985க்கு முன் இப்பகுதி இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. பிரிந்தபோது காமராசர் மாவட்டம் எனப் பெயர்பெற்றது. 1960களில் பதிவான மகிழுந்து ஒன்று இன்றும் இங்கு இருக்குமாயின், அதன் பழைய பதிவுப் புத்தகத்தில் இம்மாற்றங்கள் முத்திரைகளாகவே காணக்கிடைக்கும். உடைமையாளர் பெயர் மாறிய நாள்கள், கடன் கொடுத்த நிறுவனத்தின் குறிப்பு, எரிபொருள் பெட்ரோலிலிருந்து டீசலுக்கு மாறிய பதிவு, எந்திர எண் திருத்தம், தகுதிச் சோதனை நாள்கள் ஆகியன வரிசையாக இருக்கும். ஒரு நிலத்துக்குப் பட்டாவும் பத்திரங்களும் எவ்வாறோ, அவ்வாறே வாகனத்துக்கு இது. நிலவுடைமை வரலாற்றுக்குப் பத்திரங்களைத் தேடும் ஆய்வுலகம் இப்புத்தகங்களை இன்னும் தேடத் தொடங்கவில்லை.

காலமும் குறுகியது. அம்பாசிடர் உற்பத்தி 2014 மே மாதத்தில் நின்றது. 2021 செப்டம்பரில் வாகன உடைப்பு மையங்களுக்கான விதிகள் வெளியாயின. உடைப்புக்குச் செல்லும் வண்டி தன் பதிவுச்சான்றையும் ஒப்படைத்துவிட்டே செல்கிறது, பதிவு நீக்கப்படுகிறது. அட்டைவடிவச் சான்று பெற்ற வாகனங்களில் பழைய கைப்பிரதிப் பக்கங்கள் ஏற்கெனவே உடைமையாளரின் பெட்டிக்குள்ளோ குப்பையிலோ சேர்ந்துவிட்டன. கணினித் தரவில் தற்போதைய எந்திர எண்ணே முதன்மையாக நிற்கிறது. முந்தைய எண்ணும் அதனை மாற்றிய காலமும் அக்கைப்பிரதிகளில்தான் உள்ளன. விருதுநகர், இராமநாதபுரம், சிவகங்கை மாவட்டங்களில் எஞ்சிய ஆர்.சி. புத்தகங்களையும், லேத் பட்டறைகளின் வேலைக் குறிப்பேடுகளையும், உதிரிப்பாகக் கடைகளின் ரசீதுகளையும் ஒளிப்படி எடுத்துத் தொகுக்கும் பணி, வண்டிகள் உடைப்புக்குச் செல்வதற்கு முன்பே செய்யப்பட வேண்டியதாகும்.