நுரை அடங்கிய கதை

துவைக்கிற கல்லின் மேல் மெத்தையை விரித்து, அதன்மேல் துணியை அடித்தால் அழுக்கு போகுமா? முன்பக்கக் கதவு வைத்த வாஷிங் மெஷினில் நுரை பொங்கினால் நடப்பது இதுதான்.

அமெரிக்காவில் 1937இல் பெண்டிக்ஸ் கம்பெனி வீட்டுக்கான தானியங்கி மெஷினைக் கொண்டுவந்தது. வட்டக் கண்ணாடிக் கதவு, படுக்கைவாட்டில் சுற்றும் டிரம், உள்ளே கொஞ்சம் தண்ணீர். டிரம் சுற்றும்போது துணி மேலே ஏறி, பொத்தென்று விழும். கல்லில் விழும் அடிக்கு ஈடு அதுதான். ஆனால் அதில் போட அன்று கடையில் கிடைத்தது, தொட்டியில் துவைப்பதற்கான சோப்புத்தூள். நுரை எழும்பி டிரம்மை அடைத்துக்கொள்ளும். விழுகிற துணியைப் பாதியிலேயே தாங்கிவிடும். அலசினாலும் லேசில் போகாது. போதாததற்கு, உப்புத் தண்ணீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து திரிதிரியாகத் துணியில் ஒட்டும்.

உப்புத் தண்ணீரின் முடிச்சை அவிழ்த்தவர்களில் முக்கியமானவர் பி அண்ட் ஜி சோப்புக் கம்பெனி ஆய்வகத்தின் டிக் பயர்லி. அழுக்கெடுக்கும் சரக்கைக் குறைத்து, கால்சியத்தைக் கட்டிப்போடும் பாஸ்பேட்டைத் தாராளமாகக் கூட்டினார். மற்றவர்கள் போன வழிக்கு நேர் எதிர்வழி. 1946இல் அது ‘டைட்’ என்ற பெயரில் வந்தது. துணி பளிச்சென்று வெளுத்தது. நுரையும் நன்றாகவே வந்தது.

நுரையை விட்டுக்கொடுக்கத் துணிந்தது மான்சான்டோ. அது சோப்புக் கம்பெனி அல்ல, ரசாயனக் கம்பெனி. நுரையைக் காட்டி விற்கும் பழக்கம் அதற்கு இல்லாததுதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. அதிகம் நுரைக்காத, ஆனால் எண்ணெய்ப் பிசுக்கை நன்றாக எடுக்கும் அயனியற்ற சரக்கை வைத்து ‘ஆல்’ என்ற தூளைச் செய்தது. கண்ணுக்கு எதுவும் நடக்காததுபோல் தெரியும் தண்ணீரில் துணி வெளுக்கும் என்று வீட்டுப் பெண்களை நம்பவைக்க எவ்வளவு துணிச்சல் வேண்டும்! 1954இல் பி அண்ட் ஜியும் ‘டேஷ்’ என்று ஒரு நுரை குறைந்த தூளை இறக்கியது. 1957இல் ‘ஆல்’ லீவர் பிரதர்ஸின் கைக்குப் போனது.

இந்தியாவுக்கு 1959இல் சர்ஃப் வந்தபோது நம்மிடம் இருந்தது வாளிதான். வாளிக்கு நுரை நல்லது. கை வழுக்கிக்கொண்டு தேய்க்கலாம், தூள் போதுமா என்றும் தெரியும். அந்தப் பழக்கத்தோடுதான் இன்று மெஷினுக்கும் ஒரு கரண்டி கூடுதலாகப் போடுகிறோம்.

டாப் லோடில் தண்ணீர் அதிகம் நிற்பதால் ஓரளவு நுரையைத் தாங்கும். ஃப்ரன்ட் லோடு தாங்காது. பாக்கெட்டில் ‘ஃப்ரன்ட் லோடு’ என்று இருப்பதைப் பார்த்தே வாங்குங்கள். போர் தண்ணீராக இருந்தால் அளவைச் சற்றுக் கூட்டலாம். அலசி முடிகிற நேரத்திலும் கண்ணாடிக்குள் நுரை நின்றால், அடுத்த முறை பாதி போட்டுப் பாருங்கள்.