கியர் நழுவுதல்

ஓடிக்கொண்டிருக்கும் வண்டியில், ஓட்டுநர் கை வைக்காமலேயே, போட்ட கியர் கழன்று நியூட்ரலுக்கு வந்துவிடும் கோளாறு கியர் நழுவுதல் எனப்படும். பட்டறைகளில் இதைக் ‘கியர் ஸ்லிப்’ என்றும் ‘கியர் ஜம்ப்’ என்றும் சொல்வார்கள். சமதரையில் இது தொல்லை. மலையிறக்கத்தில் உயிருக்கே ஆபத்து. உதகையிலிருந்து மசினகுடிக்கு 36 கொண்டை ஊசி வளைவுகளோடு இறங்கும் கல்லட்டிப் பாதையில் இரண்டாவது கியர் கழன்றால், எஞ்சினின் பிடிப்பு போய் வண்டியின் பாரம் முழுவதும் பிரேக்கின் மேல் விழும். கியர் ராடைக் கையால் பிடித்துக்கொண்டு ஓட்டுவது இதற்குத் தீர்வாகாது.

இன்றைய கியர்பெட்டிகளில் முன்னோக்கிய கியர்களின் பல்சக்கரங்கள் எப்போதும் கோத்தபடியே சுழல்கின்றன. கியர் போடும்போது நகர்வது ஸ்லீவ் எனும் வளையம். அது கியரின் பக்கவாட்டிலுள்ள சிறு ‘டாக்’ பற்களைக் கவ்வுகிறது. இந்தப் பற்கள் நுனியில் சற்று அகன்றும் அடியில் குறுகியும் வெட்டப்பட்டிருக்கும். ஸ்லீவின் உட்பற்களிலும் அதற்கேற்ற சரிவு உண்டு. அதனால் எஞ்சின் இழுக்க இழுக்க ஸ்லீவ் மேலும் உள்ளேதான் போகும். கியரை உண்மையில் பிடித்து நிறுத்துவது இந்தச் சரிவுதான்; ஷிஃப்ட் தண்டின் பள்ளத்தில் ஸ்பிரிங் அழுத்தும் இரும்புக் குண்டு துணைக்கு மட்டுமே. சரிவு தேய்ந்து மறுபக்கம் சாய்ந்துவிட்டால், முன்பு உள்ளே இழுத்த அதே விசை ஸ்லீவை வெளியே தள்ளும்.

கண்டறியும் வேலை சாலையில் தொடங்க வேண்டும், ஸ்பானரில் அல்ல. முதல் கேள்வி: எந்தக் கியர்? ஒரே கியர் என்றால் அதன் டாக் பற்கள், ஸ்லீவ், கியரின் முன்பின் ஆட்டம் ஆகியவற்றின் மேல் சந்தேகம் விழும். மூன்றும் நான்கும் போல ஒரே ஷிஃப்ட் தண்டில் உள்ள ஜோடி முழுவதும் கழன்றால் குண்டு, ஸ்பிரிங், ஸ்லீவை நகர்த்தும் ஃபோர்க் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஃபோர்க் வளைந்தோ தேய்ந்தோ இருந்தால் ஸ்லீவ் பாதிதான் ஏறும். எல்லாக் கியரும் கழன்றால் கோளாறு பெரும்பாலும் பெட்டிக்கு வெளியே இருக்கும். அம்பாசடர் போன்ற பின்சக்கர இயக்க வண்டியில் நேரடிக் கியரான நான்காவது மட்டும் நழுவினால், உள்ளீட்டுத் தண்டின் நுனியைத் தாங்கும் பைலட் பேரிங்கையும், பெட்டியை எஞ்சினோடு இணைக்கும் பெல் ஹவுசிங்கின் நேர்கோட்டையும் சோதிக்காமல் விடக் கூடாது.

அடுத்த கேள்வி: எப்போது? ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது பல்லின் ஒரு முகமும், காலை எடுத்ததும் மறுமுகமும் சுமை தாங்குகின்றன. நழுவும் வேளையை வைத்தே தேய்ந்த முகத்தைச் சொல்லிவிடலாம். காலை எடுத்தும் மிதித்தும் ஓட்டுகையில் கியர் ராடைக் கவனிக்க வேண்டும். அது முன்னும் பின்னும் துள்ளினால் எஞ்சின் அல்லது கியர்பெட்டி மவுண்டிங் ரப்பர் கிழிந்திருக்கக்கூடும். மாருதி 800 போல எஞ்சின் குறுக்காக அமர்ந்த கார்களில் இது சாதாரணம்: எஞ்சின் அசைய, இணைப்புத் தண்டு கியரைப் பிடித்து இழுத்துவிடும். தேய்ந்த புஷ், தவறாக வைத்த கேபிள், ராடை முழுத் தூரம் போகவிடாத விறைத்த ரப்பர் உறை ஆகியவையும் இதையே செய்யும். இவற்றைப் பார்க்காமல் பெட்டியை இறக்குவது வண்டிக்காரரின் பணத்தை வீணடிப்பதாகும்.

வெளியே குறை இல்லை என்று உறுதியான பிறகு கியர் ஆயிலை வடித்துப் பார்க்கலாம். மஞ்சள் நிறப் பொடி மிதந்தால், கியர் ஏறுமுன் வேகங்களை ஒத்திசைக்கும் பித்தளைச் சின்க்ரோ வளையம் தேய்கிறது. வளையம் தேய்வதால் மட்டும் கியர் கழலாது; ஆனால் ஒவ்வொரு முறையும் ‘கர்ர்’ என்று உரசி ஏறும் கியர் டாக் பற்களை மழுக்கிவிடும். கழற்றிய பல்லை வெளிச்சத்தில் பக்கவாட்டில் பிடித்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். நல்ல பல்லின் நுனி கூரைபோல் கூராகக் கூடியிருக்கும். மழுங்கியது உருண்டு பளபளக்கும்.

மழுங்கிய பல்லை அரத்தால் தேய்த்துச் சரிசெய்ய முடியாது. அதன் கடினமான மேற்பரப்புதான் போய்விடும். கியரையும் ஸ்லீவையும் ஜோடியாகவே மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் பழைய பல் புதியதையும் தன் வடிவத்துக்கே தேய்த்துவிடும்.