12345654321: ஒன்பதாம் நூற்றாண்டின் ஓர் எண்மாலை

12345654321.

இந்த எண்ணை இடமிருந்து வாசித்தாலும் வலமிருந்து வாசித்தாலும் ஒன்றுதான். 'விகடகவி' என்ற சொல்லைப் போல. இப்படியான எண்களை 'மர்ம எண்', 'அதிசய எண்' என்று தலைப்புப் போட்டு வட்ஸ்அப்பில் நாம் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்கிறோம். இது எங்கிருந்து வந்தது, ஏன் இப்படி அமைகிறது என்று கேட்பவர்கள் குறைவு. இரண்டுக்கும் பதில் இருக்கிறது.

கி.பி. 850 அளவில், கன்னட நாட்டை ராஷ்டிரகூட மன்னர் அமோகவர்ஷர் ஆண்ட காலத்தில், மகாவீரர் என்ற சமணக் கணித அறிஞர் 'கணித சார சங்கிரகம்' என்ற நூலை சமஸ்கிருதச் செய்யுள்களில் எழுதினார். ஒன்றில் தொடங்கி ஆறு வரை ஏறி, பிறகு வரிசையாக இறங்கும் எண் என்று இந்த எண்ணை அதில் விவரிக்கிறார். விடை மாலை போல் கோர்வையாக வரும் பெருக்கல் கணக்குகளையும் மாணவர்களுக்குக் கொடுத்தார். 152207 ஐ 73 ஆல் பெருக்கிப் பாருங்கள்: 11111111.

சரி, 12345654321 எப்படி வருகிறது? அது 111111 இன் வர்க்கம். கொப்பியில் 111111 ஐ 111111 ஆல் நீளப் பெருக்கல் முறையில் பெருக்குவோம். ஆறு நிரைகள் வரும். ஒவ்வொரு நிரையும் ஓரிடம் இடப்பக்கம் தள்ளி நிற்கும். இப்போது நிரல்களைக் கூட்டுவோம். வலது ஓரத்தில் ஒரே ஒரு 1. அடுத்ததில் இரண்டு. நடுவில் ஆறு. பிறகு ஒவ்வொன்றாகக் குறையும். அவ்வளவுதான். இலக்கங்களைக் கூட்டினால் 36 வருவதும் இதனால்தான்: ஆறு நிரைகள், நிரைக்கு ஆறு ஒன்றுகள்.

ஒன்பது ஒன்றுகள் வரை இந்த அழகு நிற்கும்: 12345678987654321. பத்து ஒன்றுகளை வைத்தால் நடு நிரலில் 10 வந்து, 1 ஐ அடுத்த இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். விடை 1234567900987654321. மாலை அறுந்துவிடுகிறது.

இதையெல்லாம் காட்டுவது இடப்பெறுமானமும் பூச்சியமும் உள்ள எழுத்துமுறைதான். ரோம இலக்கங்களில் எழுதினால் இந்த ஒழுங்கு கண்ணில் படாது. அதே நூற்றாண்டில், 825 அளவில், பக்தாதில் அல் குவாரிஸ்மி இந்த இந்திய இலக்கங்களைக் கொண்டு கணக்குச் செய்யும் முறையை விளக்கி எழுதினார். அந்நூலின் லத்தீன் மொழிபெயர்ப்பு வழியாக அது ஐரோப்பாவுக்குப் போனது. அவருடைய பெயரே 'அல்கோரிதம்' என்ற சொல்லானது. மகாவீரரின் நூலை 1912 இல் சென்னையில் ரங்காச்சாரியார் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டார். சமணரும் முஸ்லிமும் இந்துவும் கைமாற்றித் தந்த சொத்து இது.

எங்கள் பிள்ளைகள் பலர் சாதாரண தரம் வரும்போது கணிதத்துக்குப் பயந்தே போய்விடுகிறார்கள். வாய்ப்பாட்டையும் சூத்திரத்தையும் மனப்பாடம் செய்யச் சொன்னோம். 'ஏன்' என்று கேட்க விட்டோமா? அடுத்த முறை இப்படியொரு எண் வட்ஸ்அப்பில் வந்தால் அனுப்புவதற்கு முன் பிள்ளையைக் கூப்பிட்டு, ஒரு கொப்பியும் பென்சிலும் கொடுத்து, பெருக்கிப் பார்க்கச் சொல்வோம். நடு நிரலில் அந்த ஆறு வரும்போது பிள்ளையின் முகத்தைப் பாருங்கள்.