லண்டன் செருப்புக்கடையிலிருந்து இலஞ்சிக்கு

குற்றாலத்துக்குப் பக்கத்தில் இலஞ்சியில் ஒரு வீட்டுக் கொட்டகையில் நிற்கும் பழைய அம்பாசடரின் கார்புரேட்டருக்குப் பூர்வீகம் தேடினால், லண்டனில் ஒரு செருப்பு வியாபாரக் குடும்பத்து வாசலில் போய் நிற்போம். 'லில்லி அண்ட் ஸ்கின்னர்' காலணி நிறுவனத்தாரின் வீட்டுப் பிள்ளை ஜார்ஜ் ஹெர்பர்ட் ஸ்கின்னர். மனசெல்லாம் மோட்டார் வண்டியில் இருந்தாலும் தோல் அவரை விடவில்லை. 1905-ல் அவர் காப்புரிமை கேட்ட கருவிக்குள் ஒரு தோல் துருத்தி இருந்தது. இன்ஜின் இழுக்கும் காற்றுக்கு ஏற்ப அது ஏறி இறங்கும். 1910-ல் தம்பியோடு சேர்ந்து நிறுவனம் தொடங்கினார்: ஸ்கின்னர் யூனியன், சுருக்கமாக எஸ்.யூ. பிறகு துருத்தி போய் பிஸ்டன் வந்தது. 1926-ல் மோரிஸ் கார்களின் முதலாளி வில்லியம் மோரிஸ் நிறுவனத்தையே வாங்கிவிட்டார். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு கார், கல்கத்தாவுக்கு அருகில் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் கையில் அம்பாசடராக மாறியபோது, எஸ்.யூ.வும் சீதனம்போலக் கூடவே வந்தது.

கார்புரேட்டரின் அறையில் பெட்ரோல் நிறைந்ததும் மிதந்து எழும்பி, பெட்ரோல் வரும் வழியை நீடில் வால்வால் அடைக்கும் மிதவைதான் ஃபுளோட். எஸ்.யூ.வின் வாழ்க்கையில் நேர்ந்த பெரிய அவமானம் அந்த ஃபுளோட்டால் வந்ததுதான். 1940-ல் இங்கிலாந்து வானில் ஜெர்மன் விமானங்களைத் துரத்திய ஸ்பிட்ஃபயர்கள் சட்டென்று மூக்கைக் கீழே குத்தினால் இன்ஜின் திணறும். மெர்லின் இன்ஜினில் இருந்த எஸ்.யூ. கார்புரேட்டரின் அறையில் பெட்ரோல் மேலே எகிறிவிடும். முதலில் பட்டினி, அடுத்த நொடியில் வெள்ளம். ஜெர்மன்காரனிடம் நேரடியாக எரிபொருள் பீச்சும் இன்ஜின். அவனுக்கு இந்தத் தொல்லை இல்லை. பியாட்ரிஸ் ஷில்லிங் என்ற பெண் பொறியாளர் நடுவில் துளையிட்ட சின்னப் பித்தளைத் தகட்டைப் பெட்ரோல் வரும் வழியில் செருகி, அதிகம் பாயாமல் கட்டுப்படுத்தினார். 1941-ல் விமானத் தளங்களுக்கு நேரில் போய் மாட்டவும் செய்தார். வாஷர் அளவு சாமான், போர் விமானத்துக்கே போதுமானதாக இருந்தது.

இலஞ்சிக் காருக்கும் தேவைப்பட்டது கிட்டத்தட்ட அந்த அளவு சாமான்தான். ஆனால் முதலில் பார்த்த பட்டறையில், "கார்புரேட்டரே போச்சு அண்ணாச்சி, புதுசு வாங்கிருங்க" என்றார்கள். எனக்கு இந்தப் பேச்சில் என்றைக்கும் நம்பிக்கை கிடையாது. எஸ்.யூ.வின் உடம்பு அவ்வளவு சீக்கிரம் போகாது. போவதெல்லாம் உள்ளே இருக்கும் சில்லறைதான்.

அந்தக் காருக்குச் சாரல் சீசனில் மட்டும்தான் வேலை. ஆனி பிறந்தால் குடும்பம் திருநெல்வேலியிலிருந்து வரும். பழைய குற்றாலம், ஐந்தருவி, செங்கோட்டை என்று ஆவணி வரை ஓடும். மீதி மாதங்களில் பெட்ரோல் மெல்ல ஆவியாகி அடியில் பிசினை விட்டுவிடும். ஈரத்திலேயே ஊறிக் கிடந்த கேஸ்கட்டும் ரப்பரும் காய்ந்து சுருங்கும். மறுபடி பெட்ரோல் ஊற்றி ஸ்டார்ட் செய்தால், ஓவர்ஃப்ளோ குழாயில் சொட்டுச் சொட்டாக ஒழுகும்.

ஒழுகலை லேசாக நினைக்கக் கூடாது. அம்பாசடரின் 1489 சிசி இன்ஜினில் காற்று உள்ளே போகும் பாதையும் புகை வெளியே வரும் பாதையும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. கொதிக்கும் எக்ஸாஸ்டுக்குப் பக்கத்திலேயே கார்புரேட்டர் உட்கார்ந்திருக்கிறது. அதனால் இரண்டாவதாக வந்த மெக்கானிக் முதலில் பேட்டரி வயரைக் கழற்றினார்; அப்புறம் கொட்டகையில் பீடி பற்றவைத்த ஒருவரை வெளியே அனுப்பினார்.

அறையின் மூடியைத் திறந்து பித்தளை ஃபுளோட்டை எடுத்துக் காதருகே ஆட்டினார். உள்ளே சளசளப்பு இல்லை. இருந்தாலும் வெந்நீரில் அமுக்கினார். குமிழி வரவில்லை, ஓட்டை இல்லை. மூடியைக் கவிழ்த்து, ஃபுளோட்டின் எடை நீடில் வால்வின்மேல் படும்படி வைத்து, பெட்ரோல் வரும் துவாரத்தில் வாய் வைத்து ஊதினார். காற்று போயிற்று. நீடில் நன்றாக உட்கார்ந்தால் போகக் கூடாது. முனையில் பல வருஷ உராய்வில் ஒரு வளையம் தேய்ந்திருந்தது. அறையிலிருந்து ஜெட்டுக்குப் போகும் குழாயின் ரப்பரும் நகம் பட்டால் உதிர்ந்தது.

மாற்றுச் சாமான் அவருடைய சாக்குப் பையில் இருந்தது. எழுபதுகளின் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு பெட்ரோல் கட்டுப்படியாகாமல் டாக்ஸிக்காரர்கள் பலர் அம்பாசடரின் இன்ஜினையே கழற்றிவிட்டு டீசல் இன்ஜின் ஏற்றினார்கள். டீசலுக்குக் கார்புரேட்டர் எதற்கு? கழற்றியவை பழைய இரும்புக்கடைக்குப் போயின, சென்னை புதுப்பேட்டைக்குப் போயின, சில இப்படிச் சாக்கில் தங்கின. குற்றாலத்தில் சீசன் டாக்ஸியாக ஓடிய ஒரு வண்டியின் எஸ்.யூ. அது. முழுசாக மாற்றிவிடலாமே என்று காரின் சொந்தக்காரர் கேட்டார். "இதோட பிஸ்டனும் மேல்கூடும் ஒண்ணுக்கொண்ணு பொருத்தம் பார்த்துச் செஞ்சது ஐயா. உங்களோடது உங்களுக்கே இருக்கட்டும்" என்று, அதிலிருந்து தேயாத நீடில் வால்வையும் அதன் இருக்கையையும் ஜோடியாக மட்டும் எடுத்துக்கொண்டார்.

ரப்பர் விஷயத்தில் பழசு உதவாது. 2023-லிருந்து பங்குகளுக்கு 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வரத் தொடங்கிவிட்டது. எத்தனால் ஈரத்தை இழுக்கும்; அந்தக் காலத்து ரப்பரையும் கார்க்கையும் ஊறவைத்துக் கெடுக்கும். சாரல் ஊரில், பாதி காலி டேங்கோடு மாதக்கணக்கில் நிற்கும் காருக்கு இது இரட்டைத் தண்டனை. எத்தனால் தாங்கும் ரப்பரும் ஹோஸும் புதிதாக வாங்கினார்கள். அடுத்த ஆனி வரை நிறுத்தும்போது, டேங்கிலிருந்து வரும் குழாயைக் கழற்றிவிட்டு கார்புரேட்டரில் இருப்பது தீரும்வரை இன்ஜினை ஓடவிட்டு அணைக்கச் சொன்னார் மெக்கானிக். ஸ்பிட்ஃபயரை மிரட்டிய வெள்ளத்தைவிட இந்த ஊறல் பெரிய எதிரி என்பது என் கணக்கு.

மாட்டிய பிறகு மேல்மூடியைத் திருகி, பிஸ்டன் துள்ளாமல் அடக்க உள்ளே இன்ஜின் ஆயில் கொஞ்சம் விட்டார். இன்ஜின் சூடானதும் ஸ்க்ரூடிரைவர் முனையால் பிஸ்டனை ஒரு மயிரிழை தூக்கினார். சத்தம் ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம், இன்ஜின் அணையப்போனால் குறைவு. லேசாக ஏறி உடனே பழைய நிலைக்கு வந்தது. புளியரை எஸ் வளைவு வரை ஏறி இறங்கிவிட்டு பானெட்டைத் திறந்தபோது ஓவர்ஃப்ளோ குழாய் காய்ந்திருந்தது.

"தம்பி, இனி லிட்டருக்கு எத்தனை கொடுக்கும்?" என்றார் சொந்தக்காரர்.

"அம்பாசடர்ட்ட அதைக் கேக்கக்கூடாது ஐயா."