ஓட்டமா, எடைதூக்கலா? ஒரு பழைய தகராறின் வரலாறு

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

ஓய்வு பெற்ற பிறகு, சர்க்கரை எல்லைக்கோட்டில் இருப்பதாக மருத்துவர் சொன்னதால் காலையில் ஓட ஆரம்பித்தேன். இரவுச் சாப்பாட்டைப் பாதியாக்கினேன். எட்டு மாதத்தில் 11 கிலோ குறைந்தது. எனக்குப் பெருமைதான். ஆனால் தெருவில் பார்த்தவர்கள், "என்ன சார், உடம்புக்கு ஏதாவது முடியலையா?" என்று கேட்டார்கள். ஒரு விசேஷ வீட்டில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். எழுந்திருக்க முடியவில்லை. பக்கத்து இலைக்காரர் கைகொடுத்துத் தூக்கிவிட்டார். தினமும் 5 கிலோமீட்டர் ஓடுகிறவன் நிலைமை இது.

மைதானத்தில் ஒரு நண்பரிடம், "வெயிட்டும் தூக்கிப் பார்க்கட்டுமா?" என்று கேட்டேன். "இரண்டையும் சேர்த்துச் செய்யக் கூடாது சார், ஒன்று இன்னொன்றைக் கெடுத்துவிடும்" என்றார். முப்பது வருடம் வரலாறு நடத்தியவன் ஆயிற்றே. இந்தக் கருத்து எங்கே பிறந்தது என்று தேடிப் பார்த்தேன்.

முதலில் என் கதைக்கு ஒரு முன்னோடி கிடைத்தது. 1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற ஆய்வாளர், போரில் பங்கேற்க மனசாட்சிப்படி மறுத்த 36 இளைஞர்களை வைத்து ஒரு சோதனை நடத்தினார். பட்டினியில் வாடும் ஐரோப்பிய மக்களை எப்படி மீட்பது என்று அறிவதே நோக்கம். ஆறு மாதம் அரைவயிற்றுச் சாப்பாடு, வாரத்துக்கு 22 மைல் நடை. உடல் எடையில் ஏறக்குறைய கால் பங்கு போயிற்று. கொழுப்போடு தசையும் வலுவும் போயின. என் பட்டினி அவ்வளவு கடுமையானது அல்ல. ஆனாலும் சாப்பாட்டைக் குறைத்து, காலுக்கு மட்டும் வேலை கொடுத்தால் உடம்பு எதையெல்லாம் செலவழிக்கும் என்பதற்கு அது பெரிய பாடம்.

அடுத்து 1968. அமெரிக்க விமானப்படை மருத்துவர் கென்னத் கூப்பர் 'ஏரோபிக்ஸ்' என்ற புத்தகத்தை வெளியிட்டார். ஓட்டம், நீச்சல், சைக்கிள் எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போட்டு, வாரத்துக்கு 30 எடுத்தால் தேர்ச்சி என்றார். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஃப்ராங்க் ஷார்ட்டர் மராத்தானில் தங்கம் வாங்கியதும் அமெரிக்கா முழுவதும் ஓட ஆரம்பித்தது. ஓடுகிறவர்கள் ஒரு சாதி, எடை தூக்குகிறவர்கள் ஒரு சாதி என்று ஆகிப்போனது.

இந்தப் பிரிவினைக்கு அறிவியல் முத்திரை கிடைத்தது 1980இல். ராபர்ட் ஹிக்சன் எடைதூக்கும் பழக்கம் உள்ளவர். தன் பேராசிரியர் ஜான் ஹோலோசியோடு தினமும் ஓடப் போனபோது தன் தசை கரைவதைக் கவனித்தார். பிறகு அதையே ஆய்வாக்கினார். ஒரு குழுவுக்கு எடைப்பயிற்சி மட்டும், இன்னொன்றுக்கு ஓட்டமும் சைக்கிளும் மட்டும், மூன்றாவதற்கு இரண்டும். பத்து வாரம். கடைசி இரண்டு வாரங்களில் மூன்றாவது குழுவின் வலு சரிந்தது. "ஒன்று இன்னொன்றைக் கெடுக்கும்" என்ற பேச்சுக்கு வேர் இதுதான்.

ஆனால் முழுவதையும் படித்தால் கதை வேறு. அந்த மூன்றாவது குழு எடைப்பயிற்சியை வாரத்தில் 5 நாளும், ஓட்டம்-சைக்கிளை 6 நாளும் கடுமையாகச் செய்தது. அப்படியிருந்தும் ஏறக்குறைய ஏழு வாரம் வரை வலு ஏறிக்கொண்டுதான் இருந்தது. மூச்சுத்திறன் சற்றும் கெடவில்லை. இதே ஹிக்சன் 1988இல், ஏற்கெனவே பயிற்சி பெற்றவர்களுக்கு எடைப்பயிற்சியைச் சேர்த்துக் கொடுத்தார். சைக்கிளில் 71 நிமிடம் தாக்குப்பிடித்தவர்கள் 85 நிமிடம் தாக்குப்பிடித்தார்கள்! முதல் ஆய்வு ஊரெல்லாம் பரவியது, இரண்டாவது அவ்வளவாகப் பேசப்படவில்லை. வரலாற்றில் இது அடிக்கடி நடப்பதுதான். முடிவு மட்டும் நிலைக்கும், நிபந்தனைகள் மறந்துபோகும்.

எங்கள் வயதுக்காரர்களுக்கான விடை 2017இல் வந்தது. டென்னிஸ் வில்லரியல் குழுவினர், 65 வயது தாண்டிய, உடல் பருமன் உள்ள 160 பேரை ஆறு மாதம் கவனித்தார்கள். ஒரு குழு ஒப்பீட்டுக்கு. மற்ற மூன்றுக்கும் உணவுக் கட்டுப்பாட்டோடு மூச்சுப்பயிற்சி மட்டும், எடைப்பயிற்சி மட்டும், இரண்டும் என்று கொடுத்தார்கள். மூன்று குழுவிலும் எடை 9 சதவீதம் அளவுக்குக் குறைந்தது. தராசு வித்தியாசம் காட்டவில்லை. ஆனால் தசை முதலான கொழுப்பற்ற எடையில், மூச்சுப்பயிற்சி மட்டும் செய்தவர்கள் 5 சதவீதம் இழந்தார்கள். எடைப்பயிற்சிக் குழு 2, இரண்டும் செய்தவர்கள் 3. எழுவது, நடப்பது, படியேறுவது போன்ற அன்றாட வேலைகளுக்கான தேர்வில் இரண்டும் செய்தவர்கள் 21 சதவீதம் முன்னேறினார்கள். மற்ற இரு குழுவும் 14 சதவீதம்தான்.

இதையெல்லாம் படித்தபின் மருத்துவரைக் கேட்டுவிட்டு முறையை மாற்றிக்கொண்டேன். வாரத்தில் மூன்று நாள் ஓட்டம். வேறு மூன்று நாள் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கையூன்றித் தண்டால், தண்ணீர் வாளியைத் தூக்குவது. ஒரு நாள் ஓய்வு. இரவில் சாதத்தைக் குறைத்த இடத்தில் சுண்டலும் முட்டையும். எடை இப்போது மெதுவாகத்தான் இறங்குகிறது. இறங்கட்டும். போன மாதம் ஒரு பந்தியில் தரையில் உட்கார்ந்தேன். ஒரு கையை ஊன்றித்தான் எழுந்தேன். ஆனால் யாரும் தூக்கிவிடவில்லை.

நடைப்பயிற்சி மட்டும் போதும் என்று இருக்கும் என் வயது நண்பர்களே, இன்று ஒரு முறை கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து பாருங்கள். முடிந்ததா என்று கீழே எழுதுங்கள். முடியவில்லை என்றாலும் எழுதுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.