முப்பது நாளில் கைமாறும் குட்டிகள்: வீட்டில் நாய் வளர்த்து விற்பவர்கள் அறிய வேண்டியவை

இரண்டு வருடங்களுக்கு முன், மாரி தொடங்கும் நேரம், பரந்தன் பக்கத்தில் ஒரு வீட்டில் அல்சேஷன் குட்டி ஒன்று வாங்கினேன். முகநூலில் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் போனேன். 32 நாள் என்றார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்த ஐந்தாம் நாள் சாப்பாட்டை விட்டது. ஆறாம் நாள் சத்தி, பிறகு இரத்தமாக வயிற்றோட்டம். எட்டாம் நாள் விடிய எழும்பிப் பார்த்தபோது சாக்கின் மேல் விறைத்துக் கிடந்தது.

காசைத் திருப்பிக் கேட்கும் எண்ணத்தோடுதான் மறுபடி அங்கே போனேன். குட்டிகளை விற்ற அக்கா முற்றத்தில் குந்தியிருந்தார். ஏழு குட்டிகளில் அவரிடம் மிஞ்சியிருந்த மூன்றும் முதல் நாள் செத்திருந்தன. வாங்கிப்போன மற்றவர்களும் தொலைபேசியில் ஏசிக்கொண்டிருந்தார்கள். கணவர் 2009இல் காணாமல் போனவர். குட்டி விற்ற காசில்தான் அந்த மாதக் கடன் தவணை. “பிள்ளை, நான் பொய் சொல்லி விக்கேல்லை. காசைத் தாறன், கொஞ்சம் பொறுங்கோ” என்றார். நான் காசு கேட்கவில்லை. அதன்பின் கால்நடை வைத்தியர்களிடமும், கிளிநொச்சி, யாழ்ப்பாணப் பக்கங்களில் நாய் வளர்த்து விற்கும் வீடுகளிலும் கேட்டறிந்தவற்றை இங்கே தொகுத்துத் தருகிறேன்.

எங்கள் பக்கத்தில் சாதி நாய் வளர்ப்பவர்களில் பெரும்பாலானவர்கள் பெரிய பண்ணைக்காரர்கள் அல்ல. ஒரு பெட்டை, சிலவேளை இரண்டு, வளவுக்குள் ஒரு தகரக் கொட்டில், அவ்வளவுதான். 1995இலும் 2008இலும் ஓடியபோது நாய்களை அவிழ்த்துவிட்டு ஓடியவர்கள் நாங்கள். திரும்பி வந்து, மதிலோ வேலியோ சரியாக இல்லாத வீடுகளில் குடியேறியபோது, காவலுக்கு முதலில் தேடியதும் நாயைத்தான். அந்தத் தேவையில் இருந்துதான் இந்தத் தொழில் வளர்ந்தது. நாட்டில் மிருகவதைக்கு எதிரான சட்டமோ 1907ஆம் ஆண்டுக்குரியது. குட்டி எப்படி வளர வேண்டும் என்பதை அதில் தேடிப் பயனில்லை.

என் குட்டியைக் கொன்றது பார்வோ வைரஸ். 1978இல் உலகம் முழுக்கப் பரவத் தொடங்கிய இந்த நோயில் மருந்து வைரஸைக் கொல்வதில்லை. சேலைன் ஏற்றி, சத்தியை நிறுத்தி, குடலுக்கு வேறு கிருமி தொற்றாமல் பார்த்துக்கொண்டால் குட்டியின் உடம்பு தானே போராடி மீளும். சத்தி எடுக்கும் குட்டிக்கு வீட்டில் ஜீவனி பருக்கிக்கொண்டு இரண்டு நாள் காத்திருப்பதுதான் நான் கண்ட வழமையான தவறு. அந்த இரண்டு நாள்தான் உயிர்.

இந்த வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில், ஒரு வருடம்வரைகூட இருக்கும். செருப்பிலும் வரும், குட்டி பார்க்க வருபவரின் காற்சட்டை விளிம்பிலும் வரும். பினைல் ஊற்றிக் கழுவினால் போகும் என்று நம்பியிருக்கிறோம். பினைலை நம்ப முடியாது. வீட்டுக்குப் பாவிக்கும் வெளிற்றும் திரவத்தில் ஒரு பங்குக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து, முதலில் அழுக்கைச் சவர்க்காரத்தால் கழுவி எடுத்தபின், பத்து நிமிடமாவது ஊறவிட வேண்டும். அழுக்கின் மேல் ஊற்றினால் வேலை செய்யாது. மண் முற்றத்திலும் வேலை செய்யாது. அதனால்தான் குட்டி போடும் இடம் சீமெந்துத் தரையாக இருக்க வேண்டும் என்கிறார்கள்.

“ஒரு ஊசி போட்டாச்சு” என்று சொல்லி விற்கும் குட்டிகளும் சாகின்றன. காரணம் இது: பிறந்த முதல் நாளில் குடிக்கும் சீம்பால் வழியாகத் தாயின் எதிர்ப்புச் சக்தி குட்டிக்குப் போகிறது. அது குட்டியைக் காக்கும், அதேநேரம் தடுப்பூசியையும் வேலை செய்யவிடாது. அது எப்போது தீரும் என்பது குட்டிக்குக் குட்டி வேறுபடும். ஆகவே 6 முதல் 8 கிழமைக்குள் தொடங்கி, 3 அல்லது 4 கிழமைக்கு ஒரு தடவையாக, 16 கிழமை ஆகும்வரை போட வேண்டும். தாய்க்கு இணைசேர்க்க முன்னரே ஊசி போட்டிருந்தால் சீம்பாலுக்குப் பலன் கூடும். இன்னொன்று, தடுப்பூசி 2 முதல் 8 பாகை செல்சியஸ் குளிரில் இருக்க வேண்டியது. மருந்துக்கடையில் வாங்கி, பொலித்தீன் பையில் போட்டு, பஸ்ஸில் கொண்டுவந்து தாங்களே ஏற்றும் ஊசியில் என்ன மிஞ்சியிருக்கும்?

குட்டியை எட்டுக் கிழமைக்கு முன் பிரிக்கக் கூடாது. இதைச் சொன்னபோது அந்த அக்கா, “அதுவரைக்கும் தீன் போட ஆர் காசு தாறது?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். நாலாம் கிழமைக்குப் பிறகுதான் ஏழு குட்டியும் போட்டி போட்டுத் தின்னும். நான் பார்த்த ஒரு வீட்டில் நாலாம் கிழமையில் முற்பணம் வாங்கிக்கொண்டு, எட்டாம் கிழமையில் தடுப்பூசி அட்டையோடு குட்டியைக் கொடுக்கிறார்கள். விலை சற்றுக் கூட. ஆனாலும் ஆட்கள் தேடி வருகிறார்கள்.

பூச்சிக் குளிசை, இரண்டாம் கிழமையிலிருந்து இரண்டு கிழமைக்கு ஒருக்கால், எட்டாம் கிழமைவரை. வட்டப்புழு பிறக்க முன்னரே தாயிடமிருந்து குட்டிக்குப் போய்விடும், பாலிலும் போகும். ஆகவே தாய்க்கும் சேர்த்துக் கொடுங்கள். அந்த முட்டைகள் மண்ணில் கிடந்து பிள்ளைகளின் கைவழி வயிற்றுக்குள் போனால், சிலவேளை கண்ணையே பாதிக்கும்.

இனித் தாய். பெட்டை ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு ஒருக்கால் சூட்டுக்கு வரும். வரும்போதெல்லாம் சேர்க்க வேண்டும் என்றில்லை. முதற்சூட்டில் சேர்க்கவே கூடாது. வயிற்றில் குட்டி இருக்கும்போது கல்சியம் பருக்குவது நல்லது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். உண்மை நேர்மாறு. வெளியிலிருந்து தொடர்ந்து கொடுத்தால், உடம்பு தன் எலும்பிலிருந்து கல்சியம் எடுக்கும் வேலையை மந்தமாக்கிவிடும். குட்டி போட்டு இரண்டு, மூன்று கிழமையில் பால் கூடச் சுரக்கும்போது இரத்தத்தில் கல்சியம் திடீரென விழுந்து, நாய் நடுங்கி, விறைத்து, வலிப்பு வரும். பொமேரியன் போன்ற சிறிய சாதிகளில் இது அதிகம். குட்டிகளை உடனே பிரித்துவிட்டு வைத்தியரிடம் ஓட வேண்டிய அவசரம் இது. சினைக்காலத்தில் நல்ல சாப்பாடு போதும்.

சினைக்காலம் சுமார் 63 நாள். கடைசிக் கிழமையில் காலையும் மாலையும் வெப்பமானியால் மலவாயிலில் பாருங்கள். வழமையாக 38 பாகைக்கு மேல் இருப்பது 37க்குக் கீழே இறங்கினால் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் குட்டி போடும். அரை மணித்தியாலம் பலமாக முக்கியும் குட்டி வரவில்லை, இரண்டு குட்டிகளுக்கிடையில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் போகிறது, முதல் குட்டிக்கு முன்னரே கரும்பச்சை நீர் வருகிறது என்றால் காத்திருக்க வேண்டாம். ‘நோவு ஊசி’ தாங்களே போடுபவர்களைக் கண்டிருக்கிறேன். குட்டி குறுக்கே கிடக்கும்போது அதைப் போட்டால் கருப்பை கிழியும். எங்கள் பக்கத்தில் நடுச்சாமத்தில் வைத்தியர் கிடைப்பது வில்லங்கம். ஆகவே யாரைக் கூப்பிடுவது, எந்த ஆட்டோவில் போவது என்பதை 55ஆம் நாளிலேயே பேசி வையுங்கள்.

பிறந்த குட்டிக்குத் தன் உடம்பைச் சூடாக வைத்திருக்கத் தெரியாது. முதல் கிழமை படுக்கைப்பக்கம் 30 பாகையளவு இருக்க வேண்டும். மார்கழிக் குளிரில் ஒரு குமிழ் எரியவிடுங்கள், ஆனால் குட்டி விலகிப் படுக்கவும் இடம் இருக்கட்டும். குளிர்ந்துபோன குட்டிக்குப் பால் பருக்க வேண்டாம், முதலில் சூடாக்குங்கள். பசுப்பாலில் புரதமும் கொழுப்பும் நாய்ப்பாலில் உள்ளதன் பாதிக்கும் குறைவு, எனவே அது நெடுக ஈடாகாது. குசினித் தராசில் ஒவ்வொரு நாளும் நிறுத்து எழுதுங்கள். நிறை கூடாத குட்டிதான் நாளைக்கு நோயாகப்போகும் குட்டி.

சங்கடமான விடயம் ஒன்று. ஊருக்குள் நல்ல கடுவன் ஒன்றிரண்டுதான். அதனால் தகப்பனையும் மகளையும் சேர்த்துவிடுகிறார்கள், பலவேளை தெரியாமலே. அப்படிப் பிறக்கும் குட்டியில் ஒவ்வொரு மரபணு இடத்திலும் ஒரே பிரதி இரண்டாக வரும் வாய்ப்பு 25 வீதம். ஒளிந்திருந்த குறை அங்கேதான் வெளிவரும். ஒரு கொப்பியில் மூன்று தலைமுறைப் பெயரை எழுதி வைத்தால் இது நிற்கும். அல்சேஷன், லாப்ரடோர் வைத்திருப்பவர்கள் இரண்டு வயதில் இடுப்பு மூட்டை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும்; வசதி அருகில் இல்லாவிட்டால் பேராதனைப் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனை இருக்கிறது. வீடு வீடாகப் போகும் கடுவனுக்குக் குறியில் சதை வளர்ந்து இரத்தம் கசிந்தால் அது இணைசேர்க்கையில் தொற்றும் கட்டி. பெரும்பாலும் கிழமைக்கு ஒன்றாகச் சில ஊசிகளில் மாறும். மாறும்வரை சேர்க்கக் கூடாது.

உண்ணிக்கு மாட்டு மருந்து ஊற்றாதீர்கள். முரசு வெளிறி, சிறுநீர் கபிலமாகப் போனால் அது உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். இரத்தம் பார்க்க வேண்டும். விசர்நாய்த் தடுப்பூசியை அரசு இலவசமாகவே போடுகிறது; மூன்று மாதத்தில் தவறாமல் போடுங்கள். குட்டிதானே கடித்தது என்று விடாமல், காயத்தை 15 நிமிடம் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அறிகுறி வந்தபின் வைத்தியம் இல்லை.

அந்த அக்கா ஒரு சூட்டை விட்டுவிட்டார். பின்விறாந்தையில் சீமெந்து பூசி, கடந்த கார்த்திகையில் ஆறு குட்டி கிடைத்தது. ஒன்று மூன்றாம் நாள் போய்விட்டது; அதன் நிறை கூடாததை அவர் கொப்பியில் எழுதியிருந்தார். மிச்சம் ஐந்தும் 57ஆம் நாள் அட்டையோடு போயின. எனக்கு ஒன்று தருவதாகச் சொன்னவர், வாசலிலேயே மறித்து, “செருப்பை அங்கால கழட்டிட்டு வாங்கோ பிள்ளை” என்றார்.